தரையைத் தேய்க்கும் முன்: பளபளப்பு இருக்கும் மெல்லிய தோலைப் பற்றி

புது வீட்டுக்குக் குடிபோன மாதம் முகம் பார்க்கலாம் போலிருந்த டைல்ஸ் தரை, இரண்டு வருடத்தில் மங்கிப்போகிறது. தினமும் துடைக்கிறோம், ஃபினாயில் ஊற்றுகிறோம், வெள்ளிக்கிழமை சோப்புத் தூள் போட்டுத் தேய்க்கவும் செய்கிறோம். ஆனாலும் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது பார்த்தால், மோர் சிந்தித் துடைத்த மாதிரி தரை முழுக்க ஒரு படலம் தெரிகிறது. மட்டமான டைல்ஸை விற்றுவிட்டார்கள் என்று கடைக்காரர் மேல் கோபம் வருகிறது. நான் பார்த்த வரையில் பெரும்பாலான வீடுகளில் டைல்ஸ் மேல் தப்பு இல்லை. சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துச் செய்த வேலைகள்தான் தரையை மங்க வைத்திருக்கின்றன.

எந்தத் தரையாக இருந்தாலும் நாம் மிதிப்பதும் துடைப்பதும் அதன் மேல்தோலைத்தான். செராமிக் டைல்ஸுக்கு அந்தத் தோல், சூளையில் உருகி உறைந்த கண்ணாடிப் பூச்சு. மொசைக்குக்கும் மார்பிளுக்கும் கல்லைத் தேய்த்துத் தேய்த்து வரவழைத்த பாலிஷ். பழைய சிவப்பு சிமெண்ட் தரைக்கு மெழுகும் எண்ணெயும். மரப்பலகை போலத் தெரியும் லேமினேட்டுக்குக் கெட்டியான பிசின் படலம். பல வீடுகளில் இந்தத் தோல் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அடியில் இருக்கும் கல்லும் சிமெண்டும் ஐம்பது வருடம் தாங்கும். தோல் தாங்குமா என்பது நம் கையிலும் வாளியிலும் இருக்கிறது.

தமிழுக்கு இது புதிய விஷயம் இல்லை. சாணத்தைக் கரைத்து மண் தரையில் பூசுவதை மெழுகுதல் என்கிறோம். தேன்கூட்டிலிருந்து எடுப்பதும் மெழுகுதான். மண் தரை புழுதி கிளப்பாமல் இருக்க மேலே ஒரு தோல் வேண்டும், அது தேயும், தேய்ந்தால் திரும்பப் பூச வேண்டும். இந்த மூன்றையும் நம் பாட்டிமார் தெரிந்து வைத்திருந்தார்கள். கோயிலில் 'அலகிட்டு மெழுகுவது' என்று ஒரு திருப்பணியே உண்டு. அலகிடுவது என்றால் பெருக்குவது. முதலில் பெருக்க வேண்டும், அப்புறம்தான் ஈரம் தரையில் படலாம். இந்த வரிசையை விடாமல் பிடித்தாலே தரைக்கு வரும் கேட்டில் பாதி நின்றுவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

மணலும் வாசலும்

பொருள்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. வைரம் 10. மார்பிள் சுமார் 3. ஜன்னல் கண்ணாடி சுமார் 5.5. நம் தெருவிலும் முற்றத்திலும் கிடக்கும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அது 7. கடினமானது மென்மையானதைக் கீறும் என்பதுதான் இந்த அளவுகோலின் விதி. அதாவது காலில் ஒட்டி வரும் ஒரு மணல்துகள் மார்பிளைக் கீறும், கண்ணாடியைக் கீறும், டைல்ஸ் பூச்சையும் மெல்ல மெல்லக் கீறும். வினைல், எபாக்ஸி மாதிரி மென்மையான பூச்சு என்றால் கேட்கவே வேண்டாம்.

பெருக்காமல் நேராக ஈரத் துணியைப் போட்டால் இந்த மணல் துணியில் ஒட்டிக்கொள்கிறது. அதன்பிறகு நாம் செய்வது உப்புத்தாள் போட்டு இழைப்பதுதான். ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் முறை துடைத்த பிறகு, நுண்ணிய கீறல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பி அனுப்பாமல் நாலா பக்கமும் சிதறடிக்கும். அதைத்தான் மங்கல் என்கிறோம். அதனால்தான் நடை அதிகம் உள்ள ஹால் நடுவில் தரை மங்கிக் கிடக்க, சோபாவுக்கு அடியில் புதிதாகவே இருக்கிறது.

செருப்பை வாசலில் கழற்றுகிற நம் பழக்கம் தரைக்குக் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு. ஆனால் அடுக்குமாடியில் செருப்பு ஸ்டாண்டைக் கதவுக்கு உள்பக்கம் வைத்துவிட்டு, அந்த இரண்டடி இடத்தில் கொட்டும் மணலை வெறுங்காலோடு வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போகிறோம். ஸ்டாண்டை வெளியே வையுங்கள். முடியாவிட்டால் அதன் அடியில் ஒரு விரிப்பைப் போட்டு, அதைத் தினமும் உதறுங்கள். வாசலில் தென்னைநார் மிதியடி ஒன்று, உள்ளே பருத்தி மிதியடி ஒன்று. முதலாவது மணலை உதிர்க்கும், இரண்டாவது ஈரத்தையும் மிச்சத் தூசியையும் வாங்கிக்கொள்ளும்.

கோலப்பொடியையும் சொல்ல வேண்டும். அரிசி மாவுக் கோலம் தரையை ஒன்றும் செய்யாது. கடையில் வாங்கும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் கல்லை அரைத்தது. பூஜையறை டைல்ஸிலோ மார்பிளிலோ அதைப் போட்டுவிட்டு மறுநாள் ஈரத் துணியால் அப்படியே தேய்த்து எடுத்தால், அந்த இடம் மட்டும் சீக்கிரம் மங்கும். உள்ளே போடும் கோலத்துக்கு அரிசி மாவே போதும். கல்பொடிதான் வேண்டும் என்றால் முதலில் பூந்துடைப்பத்தால் உலர்வாகத் தள்ளி எடுங்கள், அப்புறம் துடையுங்கள்.

வீட்டுக்குள் பூந்துடைப்பம், வெளியே ஈர்க்குமாறு என்று நம் வீடுகளில் இருக்கும் பிரிவினையும் சரியானதே. ரப்பர் தேய்ந்து உலோகம் தட்டும் நாற்காலிக் கால், நகர்த்தும்போது இழுபடும் கிரைண்டர், இரும்புக் கட்டில் ஆகியவை ஆழமான கோடு போடும். கால்களுக்கு அடியில் தடித்த கம்பளித் துணியை வெட்டி ஒட்டினாலே போதும்.

ஆசிட் என்கிற பழக்கம்

தமிழ்நாட்டில் தரைக்கு நடக்கும் மிகப் பெரிய கொடுமை ஆசிட்தான். டைல்ஸ் பதித்து முடித்ததும் மேலே சிந்திய சிமெண்ட் கறையை எடுக்க ஆசிட். குளியலறை மஞ்சளாகிவிட்டால் ஆசிட். பண்டிகைக்கு முன்னால் 'நல்லா சுத்தமா இருக்கட்டும்' என்று ஹாலுக்கும் ஆசிட். தெருமுனைக் கடையில் பழைய பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் இது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிப்பறைக்கென்று விற்கும் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது அதன் நீர்த்த வடிவம்தான்.

அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் கல் கரைந்து கால்சியம் குளோரைடாக மாறித் தண்ணீரோடு போகிறது; கார்பன் டை ஆக்சைடு நுரையாகக் கிளம்புகிறது. அந்த நுரையைப் பார்த்துத்தான் 'பார், அழுக்கு எப்படிப் பொங்குது' என்கிறோம். பொங்குவது அழுக்கு இல்லை, கல். மொசைக்கில் சில்லும் மார்பிள், அதைப் பிடித்து வைத்திருப்பது சிமெண்ட். இரண்டுமே அமிலத்தில் கரையும். சிவப்பு சிமெண்ட், காரைக்குடிப் பக்கத்தில் பூ வேலையோடு செய்யும் ஆத்தங்குடி சிமெண்டுக் கல் எல்லாம் இதே கதைதான். ஒரே ஒரு முறை ஊற்றினாலும் பாலிஷ் போய், மேல்பரப்பு சொரசொரவென்று ஆகி, அன்றைக்கு வெளுப்பாகத் தெரியும். ஆனால் திறந்துகொண்ட அந்தத் துளைகளில் அடுத்த மாதத்திலிருந்து அழுக்கு இன்னும் வேகமாக ஏறும். மறுபடி ஆசிட் வாங்குவோம். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட தரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செராமிக், விட்ரிஃபைட் டைல்ஸ் கண்ணாடி மாதிரி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைச் சட்டென்று அரிக்காது. அதனால் 'டைல்ஸுக்குப் பரவாயில்லை' என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் அடைத்திருக்கும் கோடு சிமெண்ட் கலவை. அது கரைந்து உதிர்ந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். குளியலறை என்றால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிய ஆரம்பிக்கும். எங்கள் பழைய வாடகை வீட்டில் குடிவருவதற்கு முந்தின நாள் யாரோ ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். தரை என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது. ஆறு மாதத்தில் கோடுகளெல்லாம் விரல் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தன. கதவுத் தாழ்ப்பாள்கள்கூடத் துருப்பிடித்திருந்தன. அந்த அமிலத்தின் ஆவிக்கு இரும்பையும் பித்தளையையும் அரிக்கும் குணம் உண்டு.

ஆவியை மூச்சில் வாங்குவது யார் என்றும் யோசிக்க வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறையில் குந்தி உட்கார்ந்து வெறுங்கையால் தேய்ப்பவர் வீட்டு அம்மாவாகவோ, வேலைக்கு வரும் அக்காவாகவோதான் இருக்கிறார். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் குளோரின் வாயு வரும். நுரையீரலைச் சுடுகிற விஷம் அது. ஒன்றை ஊற்றிவிட்டு, சரியாகக் கழுவாமல், கொஞ்ச நேரம் கழித்து மற்றதைத் தூவினாலும் அதே ஆபத்துதான். தரைக்காக இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காக ஆசிட் பாட்டிலை வீட்டிலிருந்து வெளியேற்றிவிடலாம்.

கடையில் வாங்கும் ஆசிட் மட்டும்தான் அமிலம் என்றில்லை. புளி, எலுமிச்சை, வினிகர், தயிர், புளித்த தோசை மாவு எல்லாமே அமிலம். புளி போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குடம் ஏன் பளபளக்கிறதோ, அதே காரணத்தால் மார்பிள் மேடையில் சிந்திய புளிக்கரைசல் பாலிஷைத் தின்றுவிடும். அப்படி விழும் மங்கலான வட்டத்தைக் கறை என்று நினைத்துத் தேய்க்கிறோம். அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. பளபளப்பு கரைந்துபோன இடம் அது. திரும்பப் பாலிஷ் போட்டால்தான் சரியாகும். சிந்தினதும் துடைப்பது ஒன்றே வழி.

பால் படலம் எங்கிருந்து வருகிறது

ஆரம்பத்தில் சொன்ன மங்கலான படலத்துக்கு வருகிறேன். கீறல் இல்லாத தரையிலும் அது வரும். மூன்று பொருள்கள் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன.

முதலாவது போர் தண்ணீர். பல ஊர்களில் நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசிய உப்புகள் அதிகம். தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு தரையிலேயே தங்கும். பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் தரையிலும் மெல்லிசாகப் படிகிறது. இரண்டாவது சோப்பு. கடின நீரில் சோப்பு நுரைக்காது. கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறும். சலவைத் தூள் சோப்பு போலத் திரியாவிட்டாலும், அதில் உள்ள சோடா உப்புகள் சரியாகக் கழுவப்படாவிட்டால் காய்ந்து தூளாக நிற்கும். மூன்றாவது ஃபினாயில். தண்ணீரில் ஊற்றியதும் அது பால் மாதிரி வெளுக்கிறது, கவனித்திருப்பீர்கள். எண்ணெய்த் துளிகள் தண்ணீரில் பரவி நிற்பதால் வரும் நிறம் அது. தண்ணீர் ஆவியானதும் அந்த எண்ணெய்ப் பிசுக்கு தரையில் இருக்கும். மூடியளவு போதும் என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும், வாசனை வர வேண்டும் என்று கால் பாட்டில் ஊற்றினால் நாளுக்கு நாள் படலம் ஏறும். அதன் மேல் தூசி ஒட்டும். கால் வைத்தால் பிசுபிசுக்கும். பிசுபிசுக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் ஃபினாயில்.

கண் திருஷ்டிக்காகக் கல்லுப்பு போட்டுத் துடைப்பவர்கள் உண்டு. நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். சிமெண்ட் தரைக்கும் இரும்புக் கால்களுக்கும் நல்லதில்லை. உப்பு போட்டால் பின்னாலேயே நல்ல தண்ணீரில் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

படலத்தை எடுக்க வழி எளிது. வெதுவெதுப்பான அரை வாளி தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதில் துணியை நன்றாகப் பிழிந்து துடைத்துவிட்டு, வேறு வாளி நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உலர்த்துவதுதான் முக்கியம். தண்ணீர் தானாகக் காய விட்டால் உப்பு தரையிலேயே நிற்கும். துணி ஒற்றினால் உப்பு துணியோடு போகும். கண்ணாடிப் பூச்சு டைல்ஸில் மட்டும் உப்புப் படலம் ரொம்பக் கெட்டியாக இருந்தால், அரை வாளியில் அரை டம்ளர் வினிகர் கலந்து ஒருமுறை துடைத்து உடனே கழுவலாம். மாதாமாதம் செய்யக் கூடாது, கோடுகள் தாங்காது. மார்பிள், மொசைக், கடப்பா, சிமெண்ட் தரைப் பக்கம் வினிகரைக் கொண்டு போகவே கூடாது.

அன்றாடத் துடைப்புக்கு இரண்டு வாளி. ஒன்றில் துடைக்கிற தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச. ஒரே வாளியில் சமையலறையில் ஆரம்பித்து வாசல் வரை வந்தால், கடைசி அறைக்கு நாம் பூசுவது முதல் அறையின் அழுக்கு. தண்ணீர் கலங்கினால் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

விட்ரிஃபைட் டைல்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இவை உறிஞ்சும் தண்ணீர் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. அந்த வகையில் கிட்டத்தட்டக் கண்ணாடிதான். ஆனால் பாலிஷ் செய்த ரகத்தில், தேய்க்கும்போது உள்ளே இருக்கும் நுண்துளைகள் வெளியே திறந்துகொள்கின்றன. தொழிற்சாலையில் அந்தத் துளைகளை அடைக்கும் ஒரு பூச்சு கொடுப்பார்கள். சோடா, பிளீச்சிங், கம்பி நார் போட்டு அந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டால், டீயும் மையும் துளைகளில் இறங்கி எளிதில் வராது. புது டைல்ஸ் ஆரம்பத்திலேயே திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். லாரியில் வரும்போது கீறாமல் இருக்க மேலே தடவிய மெழுகாக இருக்கும்.

சிவப்புத் தரையும் ஆத்தங்குடிக் கல்லும்

எனக்குப் பிடித்த தரைகள் இவை இரண்டும். மற்றவற்றுக்குத் தோலைத் தொழிற்சாலையோ பாலிஷ்காரரோ கொடுக்கிறார்கள். இவற்றுக்கு வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். அதனால் கவனிப்பில் அதிகம் தவறு நடப்பதும் இவற்றில்தான்.

சிவப்புத் தரையில் இருப்பது சிமெண்டும் இரும்பு ஆக்சைடு நிறமியும். இரும்பு ஆக்சைடு என்பது ஒருவகையில் துருதான். ஏற்கெனவே துருப்பிடித்த இரும்புக்கு வெயிலில் வெளுக்க ஒன்றும் இல்லை. எண்பது வருடப் பழைய வீட்டுத் திண்ணையில்கூட அந்த நிறம் நிற்பதற்குக் காரணம் அதுதான். கொத்தனார் ஈரமாக இருக்கும்போதே கரணையால் இழுத்து இழுத்து அழுத்துவார். மேல்பரப்பு நெருக்கமாக இறுகி வழவழப்பாகும். அதற்கு மேல் எண்ணெயோ மெழுகோ துளைகளை நிரப்பும்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் செய்யும் கல் வேறு மாதிரி. அது சூளையில் சுடாத கல். கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, இறுகியதும் நாள்கணக்கில் தண்ணீரில் ஊற வைப்பார்கள். காய்ந்தபின் கண்ணாடியிலிருந்து கல் பிரிந்து வரும். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் பதிந்திருக்கும். மேலே கண்ணாடிப் பூச்சு எதுவும் கிடையாது. வண்ணம் இருப்பது சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு. பதித்த பிறகு உமியைப் போட்டுத் தேய்ப்பதும், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதும் செட்டிநாட்டுப் பழக்கம். உமியில் சிலிக்கா இருக்கிறது. உமி என்பதால் மென்மையாகவும் இருக்கிறது. கீறாமல் மெருகேற்றுவதற்கு அதைவிட மலிவான பொருள் கிடைக்காது. அப்புறம் வருடக்கணக்கில் வெறுங்கால் நடையே மெருகு ஏற்றும்.

புதிதாகப் போட்ட ஆத்தங்குடித் தரையில் முதல் சில மாதங்களில் வெள்ளை பூக்கும். பார்த்ததும் மனசு துடிக்கும். சிமெண்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளையாகப் படிவதுதான் அது. தரைக்குள் ஈரம் இருக்கும் வரை வரும், காய்ந்ததும் குறையும். உலர்ந்த துணியால் துடைத்து எடுத்து, குறைவான தண்ணீரில் மட்டும் துடைத்து, பொறுமையாக இருப்பதுதான் வைத்தியம். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு ஆசிட் ஊற்றிய வீடுகளில் பூவெல்லாம் மங்கி, கல் மணல் மணலாகிவிடும். இன்னொரு அவசரம், மேலே பளபளவென்று வார்னிஷ் மாதிரி ஒரு சீலரை அடிப்பது. அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல், பூச்சு வெளுத்துத் தோல் உரிகிற மாதிரி உரியும். தரைத்தளத்தில் இது கட்டாயம் நடக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். சீலர் வேண்டுமானால் மேலே படலமாக நிற்காமல் உள்ளே இறங்கி நீரைத் தடுக்கும் ரகமாகப் பார்த்து, தரை முழுக்கக் காய்ந்த பிறகு அடிக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எண்ணெய்களில் காற்றுப் பட்டால் இறுகுவதும் உண்டு, இறுகாததும் உண்டு. ஆளி விதை எண்ணெய் இறுகும். பெயிண்ட் கடையில் லின்சீட் என்று கேட்டால் கொடுப்பார்கள். தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் இறுகாது. துளைகளுக்குள் போன எண்ணெய் நன்மை செய்யும். மேலே தங்கிய எண்ணெய் தூசியை இழுக்கும், சிக்கு நாற்றம் அடிக்கும், வழுக்கும். அதனால் பத்துக்குப் பத்து அறைக்கு இரண்டு தேக்கரண்டி தாராளம். துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்து, அரைமணி நேரம் கழித்து உலர்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்து மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். விரலால் இழுத்தால் கோடு விழக் கூடாது. மாதம் ஒருமுறை போதும். தரை பழக்கப்பட்டதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆளி விதை எண்ணெய் பயன்படுத்தினால் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது வெளிவரும் சூட்டில் அது தானாகவே தீப்பிடிக்கக் கூடும். தண்ணீரில் நனைத்து, விரித்து, வெளியே காயப் போடுங்கள்.

இந்த எண்ணெய் வைத்தியத்தைக் கேட்டுவிட்டு டைல்ஸிலும் கிரானைட்டிலும் முயற்சி செய்ய வேண்டாம். உள்ளே இறங்க இடமில்லாத தரையில் எண்ணெய் மேலேயே நிற்கும். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் அது இடுப்பெலும்பை முறிக்கும் விஷயம்.

உங்கள் தரை எந்த வகை என்று தெரியவில்லையா? ஓரமாக ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு பத்து நிமிடம் காத்திருங்கள். முத்தாகவே நின்றால் தோல் நன்றாக இருக்கிறது. தரை கறுத்து உறிஞ்சினால் தோல் தேய்ந்துவிட்டது, அல்லது இருந்ததே இல்லை.

சமையலறையிலும் பூஜையறையிலும்

மஞ்சள் கறைக்குச் சோப்பு போட்டால் சிவக்கும். மஞ்சளில் இருக்கும் குர்குமின், காரம் பட்டால் நிறம் மாறுகிற சாயம். அதே சாயத்துக்கு வெயில் ஆகாது. வெயில் விழும் இடமாக இருந்தால் துடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டாலே கறை வெளுத்துவிடும். ஆசிட்டும் பிளீச்சும் தேவையில்லை.

காஸ் சிலிண்டர் வைத்த இடத்தில் துரு வட்டம் விழாத வீடு அபூர்வம். டைல்ஸ் என்றால் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடத்தில் கழுவினால் பெரும்பாலும் வந்துவிடும். மார்பிள், மொசைக் என்றால் எலுமிச்சையே தரையைக் கெடுக்கும். வட்டத்தோடு வாழ்வதோ, பாலிஷ்காரரைக் கூப்பிடுவதோதான் வழி. முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சக்கரம் வைத்த ஸ்டாண்டு ஒன்றை முதல் நாளே வாங்கியிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

விளக்கு எண்ணெய் சிந்தினால் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அரிசி மாவோ கடலை மாவோ மேலே தூவி, உறிஞ்ச விட்டு, கூட்டி எடுத்த பிறகு பாத்திரத் திரவம் போட்டுத் துடையுங்கள். ஸ்டிக்கர் கோலத்தின் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊற விட்டு எடுத்தால் போதும். கத்தியால் சுரண்டினால் பசையோடு தோலும் வரும்.

பிசின் பூச்சுத் தரைகள்

லேமினேட் பலகை பார்ப்பதற்கு மரம் மாதிரி. மேலே கெட்டியான பிசின், அதற்குக் கீழே மரத்தின் படம் அச்சிட்ட தாள், அதற்கும் கீழே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேல்தோல் கீறலை நன்றாகத் தாங்கும். இணைப்பு வழியே தண்ணீர் இறங்கினால் பலகை உப்பிவிடும், திரும்ப அமுங்காது. இதற்கு வாளித் தண்ணீரே கூடாது. பிழிந்து பிழிந்து ஈரம் மட்டும் இருக்கும் துணி போதும். நீராவி மாப்பு விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சூடும் ஈரமும் சேர்ந்து இணைப்புக்குள் போகும்.

வினைல் விரிப்பின் மேல் ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி போட்டால் சில மாதத்தில் மஞ்சள் படியும். ரப்பரில் உள்ள வேதிப்பொருள் வினைலுக்குள் ஊறுவதால் வருவது அது, துடைத்தால் போகாது. எபாக்ஸி பூச்சு வெயில் பட்டால் மஞ்சளிக்கும், ஆகவே பால்கனிக்கு ஆகாது. கார் நிறுத்தும் இடத்தில், ஓடி வந்த டயரின் சூடு பூச்சை இளக்கிப் பெயர்க்கும். டயர் நிற்கும் இடத்தில் ஒரு விரிப்பு போட்டுவிடலாம்.

மொட்டை மாடியில் அடிக்கும் வெள்ளை நீர்த்தடுப்புப் பூச்சும் ஒரு தோல்தான். கம்பித் துடைப்பத்தால் பாசியைத் தேய்த்தால் அது கிழியும். மழைக்கு முன்னால் வடிகால் வாயில் அடைத்திருக்கும் இலையை எடுத்துவிடுவது, எத்தனை தடவை தேய்ப்பதையும் விட அதற்கு நல்லது. தேங்கிய தண்ணீர்தான் பாசிக்கும் உரிதலுக்கும் ஆரம்பம்.

தோலைப் புதுப்பிக்கும் காலம்

தோல் முழுக்கப் போய்விட்ட மொசைக்கையும் மார்பிளையும் காப்பாற்ற முடியும். பாலிஷ் இயந்திரத்தில் சொரசொரப்பான கல்லில் ஆரம்பித்து, படிப்படியாக வழவழப்பான கல்லுக்குப் போய், மேல்பரப்பை மெல்லிசாகச் சீவி எடுப்பார்கள். கடைசியில் ஆக்ஸாலிக் அமிலப் பொடி போட்டு மெருகேற்றுவதும் வழக்கம். அது அளவோடு, இயந்திரத்தோடு, தெரிந்தவர் செய்கிற வேலை. அதைப் பார்த்துவிட்டு நாமே வாங்கித் தேய்க்கக் கூடாது. எத்தனை கட்டமாகத் தேய்ப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நடுக் கட்டங்களைத் தவறவிட்டு, மேலே மெழுகைத் தடவிப் பளபளப்புக் காட்டினால் இரண்டு மாதத்தில் கலைந்துவிடும். சேறு மாதிரி வரும் கழிவுத் தண்ணீரைக் குளியலறைக் குழாயில் விட வேண்டாம். அது கல்தூள், உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும்.

சிவப்புத் தரைக்கு மெழுகு போடுவதாக இருந்தால், பழைய மெழுகின் மேல் புது மெழுகைப் பூசிக்கொண்டே போகக் கூடாது. அழுக்கையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் பாத்திரத் திரவமும் போட்டு மென்மையான பிரஷால் பழையதை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் காய விட்டு, அப்புறம் மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு. காய்ந்ததும் பழைய வேட்டித் துணியால் தேய்க்கத் தேய்க்க ஏறும். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையை ஆரம்பித்தால் காற்றிலும் தரையிலும் ஈரம் நிற்கும், பூச்சு வெளுத்துவிடும். பங்குனி பிறக்கட்டும், ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யலாம்.